‘ரென்’னுக்கு எந்தச் சொல்? கன்பூசியஸ் மொழிபெயர்ப்புகள் பற்றிய கேள்வி பதில்

பினாங்கில் வசிக்கிறேன். பழங்காலச் சீன ஞானி கன்பூசியஸின் பேச்சுகளைத் தொகுத்த ‘லுன்யூ’ என்ற நூலை ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் ஒப்பிட்டுப் படிப்பது என் நெடுநாள் வழக்கம். வெளிநாடுகளில் வாழ்ந்த சீனர்கள் அதை எப்படி மொழிபெயர்த்தார்கள் என்று நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: அண்ணா, யாரிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பதில்: எங்கள் ஊர்க்காரரிலிருந்தே தொடங்குங்கள். கு ஹோங்மிங் 1857இல் பினாங்கில் பிறந்தார், எடின்பரோவில் படித்தார். அவருடைய ஆங்கில லுன்யூ 1898இல் வந்தது. படித்த ஆங்கிலேயர் ஒருவர் இதே கருத்தை எப்படிச் சொல்வாரோ, அப்படியே கன்பூசியஸைப் பேசவைக்க முயன்றதாக முன்னுரையில் எழுதுகிறார். அதற்காகச் சீனப் பெயர்களை முடிந்தவரை எடுத்துவிட்டார். நடுநடுவே ஜெர்மன் கவிஞர் கெதேயின் மேற்கோள்களை வைத்தார். யான் ஹுய் என்ற சீடரை ஏசுவின் சீடர் யோவானுக்கு ஒப்பிட்டார். சீனாவை ஐரோப்பா மட்டமாகப் பார்த்த காலம் அது. ‘இது உங்களுக்கு அந்நியமான நூல் இல்லை’ என்று காட்டும் தவிப்பு அவருக்கு இருந்தது, அதை மதிக்கிறேன்.

ஆனால் இழப்பும் பெரிது. ‘கேட்டதை உடனே செய்யலாமா?’ என்று ட்ஸு லூ என்ற சீடர் கேட்கிறார். தந்தையும் அண்ணனும் இருக்கும்போது அது எப்படி என்கிறார் ஆசிரியர் கன்பூசியஸ். ரான் யூ என்ற இன்னொரு சீடர் அதையே கேட்டால், செய் என்கிறார். முந்திக்கொள்பவரைப் பிடித்து இழுக்கிறார், தயங்குபவரைத் தள்ளிவிடுகிறார். ட்ஸு லூவின் அவசர புத்தியை நூல் முழுக்கப் பெயரோடு பார்த்துப் பழகியவருக்குத்தான் இந்த இடம் இனிக்கும்; பெயர்களை எடுத்துவிட்டால் அந்தச் சுவை போய்விடும்.

கேள்வி: கன்பூசியஸ் போற்றும் ‘ரென்’ என்ற குணத்தை ஒரே சொல்லில் கொண்டுவர முடியுமா?

பதில்: மனிதன் என்ற குறியோடு இரண்டு என்ற குறி சேர்ந்த எழுத்து அது. லுன்யூவில் நூறு தடவைக்கு மேல் வருகிறது. ஹாங்காங்கில் பிறந்து லண்டனில் பல்லாண்டு கற்பித்த டி. சி. லாவ், 1979இல் வந்த தன் மொழிபெயர்ப்பில் அதை ‘நன்மை நாட்டம்’ என்ற பொருளில் கொண்டுவந்தார். அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த விங்-ட்சிட் சானுக்கு அது ‘மனிதத்தன்மை’. நியூயார்க்கில் பல ஆண்டு வாழ்ந்த, 1938இல் கன்பூசியஸ் பற்றி நூல் வெளியிட்ட லின் யூடாங்குக்கு ‘உண்மையான ஆண்மை’. எதைத் தேர்ந்தாலும் சரி, கடைசிவரை அதையே வைத்துக்கொள்வது நல்லது. சொல் மாறாமல் வந்தால்தான் அதன் பொருளை வாசகர் நூலிலிருந்தே பழகிக்கொள்வார்.

கேள்வி: அப்படியென்றால் தமிழில் ‘அன்பு’ போதாதா?

பதில்: நான் ‘அருள்’ பக்கம். பெற்றோரையும் மூத்தோரையும் பேணுவதே ரென்னின் வேர் என்று லுன்யூவின் தொடக்கத்திலேயே வருகிறது. வீட்டில் தொடங்கி வெளியே பரவும் குணம் அது. ‘அருளென்னும் அன்பீன் குழவி’ என்ற குறள் நினைவிருக்கிறதா? உறவினரிடம் கொள்ளும் அன்பு பெற்ற பிள்ளைதான் எல்லா உயிரிடமும் காட்டும் அருள். இந்த உறவுமுறையை ஒரே தொடரில் சொல்லிவிடும் வசதி நமக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கிறது.

கேள்வி: ‘ஜுன்ட்ஸு’வை ‘ஜென்டில்மேன்’ என்று போடுவது சரியா? கோட்டு சூட்டு ஆசாமிதான் கண்முன் வருகிறார்.

பதில்: லாவ் தேர்ந்த சொல் அதுதான். எனக்கும் முதலில் உறுத்தியது, இப்போது இல்லை. ஜுன்ட்ஸு என்றால் நேர்ப்பொருளில் தலைவனின் மகன், பிறப்பால் உயர்ந்தவன். அதை நடத்தையால் உயர்ந்தவன் என்று திருப்பியவர் கன்பூசியஸ். ஆங்கிலச் சொல்லும் குடிப்பிறப்பில் தொடங்கிப் பண்புக்கு வந்து சேர்ந்ததே. தமிழில் ‘சான்றோன்’ என்பேன். ‘சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே’ என்ற புறநானூற்று வரியில் அவன் போர்வீரன்; பிற்காலத்தில் பண்பாளன். மூன்று சொற்களும் தனித்தனியே நடந்து ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. இதைக் கவனித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

கேள்வி: ‘லி’ என்றால் சடங்குதானே?

பதில்: சடங்கும் அதில் அடக்கம். ஆனால் சடங்கு என்று மட்டும் போட்டால் தமிழ் வாசகர் மனம் ஐயரையும் புகையையும் தேடிப் போகும். ‘முறை’ என்பது எனக்குப் பிடித்த சொல். கண்பார்வையற்ற இசைக்கலைஞர் ஒருவர் கன்பூசியஸைப் பார்க்க வருகிறார். ‘இதோ படி’, ‘இதோ பாய்’ என்று கன்பூசியஸே சொல்லிக் கூட்டிவந்து, எல்லோரும் அமர்ந்த பிறகு யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். அவர் போனதும் சீடர் கேட்கிறார், இசைக்கலைஞரிடம் இப்படித்தான் பேச வேண்டுமா என்று. ஆமாம், அவருக்குத் துணைநிற்கும் முறை இதுதான் என்கிறார் ஆசிரியர்.