எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டில் ஐ.சி.எம்.ஆர். எஸ்.டி.எஸ். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமா? எப்படிப்பட்ட தலைப்பு தேறும்?

தாராளமாக விண்ணப்பிக்கலாம். மருத்துவ மாணவர்களை ஆராய்ச்சிப் பக்கம் இழுக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1979-இல் தொடங்கிய குறுகிய கால மாணவர் உதவித்தொகைத் திட்டம் (எஸ்.டி.எஸ்.) இது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கானது. இரண்டு மாத வேலைக்கு அண்மை ஆண்டுகளில் 50,000 ரூபாய் தருகிறார்கள். ஆனால் பணம் முன்கூட்டி வராது, இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் வரும். ஆய்வுச் செலவுக்கென்று தனியாக எதுவும் கிடையாது.

இரண்டு மாதம், கையில் காசில்லை. இந்த இரண்டுக்குள் அடங்குவதுதான் உங்கள் தலைப்பு. ஆறு மாதம் தொடர்ந்து பார்க்க வேண்டிய நோயாளிகள், மாதத்துக்கு இரண்டு பேர் மட்டும் வரும் நோய், புது மருந்துச் சோதனை எல்லாம் முதலிலேயே கழிந்துவிடும். ரத்தத்தில் ஏதாவது புரதத்தை அளக்கலாம் என்று பலருக்கும் ஆசை வரும். அப்படி அளக்க உதவும் ஒரு எலைசா பரிசோதனை கிட்டில் 96 குழிகள். ஒப்பிடுவதற்கான ஸ்டாண்டர்டுக்கும் (அளவு தெரிந்த கரைசல்) பிளாங்குக்கும் (சாம்பிள் இல்லாத குழி) இரட்டையாக 16 போனால் மீதி 80. ஒவ்வொரு சாம்பிளையும் இருமுறை ஓட்டினால் 40 பேருக்குத்தான் காணும். 90 பேர் என்றால் மூன்று கிட். துறையில் ஏற்கெனவே இருந்தால் ஒழிய, அந்தச் செலவு யார் தலையில் என்று கைடிடம் (ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசிரியர்) முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வெளிநோயாளர் பிரிவில் ஒரே முறை பார்த்து முடிக்கும் குறுக்குவெட்டு ஆய்வு பாதுகாப்பானது. சாம்பிள் கணக்கைப் பார்க்கலாம். முந்தைய ஆய்வில் ஒரு பிரச்சினை 30 சதவீதம் பேருக்கு இருந்தது என்று வையுங்கள். 95 சதவீத நம்பகத்தன்மை, 5 சதவீதப் புள்ளி பிழை என்றால் 323 பேர் வேண்டும். பிழையை 10 ஆக்கினால் 81 போதும். பத்துக்கு ஒருவர் மறுப்பார் என்று சேர்த்தால் 90. ஐந்து வாரத்தில் 30 வேலைநாள், நாளுக்கு மூன்று பேர். வகுப்பு, போஸ்டிங் நடுவே இது நடக்கும், 323 நடக்காது. பிழையை ஏன் 10 என்று வைத்தீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். கணக்கே காட்டாமல் ‘100 நோயாளிகள்’ என்று போடுவதுதான் மதிப்பீட்டாளர் கண்ணில் முதலில் உறுத்தும்.

நோக்கம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ‘விழிப்புணர்வை ஆராய்தல்’ என்று எழுதினால் எதுவும் புரியாது. எந்த வினாத்தாள், எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் ‘நல்லது’, தமிழில் சரிபார்க்கப்பட்டதா என்பதெல்லாம் செய்முறையில் இருக்க வேண்டும். சில அளவுகோல்களுக்கு உரிமம் வாங்க வேண்டும், மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ-9 போன்றவை இலவசம்.

கைடு உங்கள் கல்லூரியின் முழுநேர ஆசிரியராக இருக்க வேண்டும். ஒருவர் ஒரு மாணவருக்கு மட்டுமே கைடாக இருக்க முடியும். அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் நல்லவர்களை சீனியர்கள் பிடித்துவிடுவார்கள். திட்ட வரைவுக்குள் உங்கள் பெயர், கைடு பெயர், கல்லூரிப் பெயர் எங்கும் வரக்கூடாது. ‘மதுரையிலுள்ள எங்கள் அரசு மருத்துவமனையில்’ என்ற ஒரு சொற்றொடரே அடையாளத்தைக் காட்டிவிடும். ‘ஒரு மூன்றாம் நிலை (உயர் சிகிச்சை) மருத்துவமனை’ என்று எழுதுங்கள். நல்ல வரைவுகள்கூட இந்த ஒன்றால் தள்ளுபடியாகின்றன. இணையத்திலிருந்து வெட்டி ஒட்டுவது அடுத்த குழி.

அதிகம் தாமதமாவது, ஆய்வுக்கு அனுமதி தரும் கல்லூரி நெறிமுறைக் குழுவில். குழு தினமும் கூடுவதில்லை, உங்கள் வரைவு தேர்வானது என்று தெரிந்தபின் மனு கொடுத்தால் இரண்டு மாதத்தில் பாதி அங்கேயே போய்விடும். வரைவை அனுப்பிய கையோடு அங்கேயும் கொடுங்கள். தமிழ் ஒப்புதல் படிவத்தை நோயாளிக்குப் புரியும் பேச்சுத் தமிழில் எழுதுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். 7 வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் சம்மதமும் வேண்டும். அனுமதிக்கு முன் எடுத்த தரவு ஒன்றையும் பயன்படுத்தக் கூடாது.

அறிக்கையில் நோக்கத்தையோ செய்முறையையோ சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். 90-க்கு 74 பேர்தான் கிடைத்தார்கள் என்றால் அப்படியே எழுதி, காரணத்தையும் சொல்லுங்கள். தொடர்பு எதுவும் இல்லை என்று முடிவு வந்தாலும் அது முடிவுதான். அதற்காக பி மதிப்பை (முடிவு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்க உதவும் புள்ளியியல் எண்) தேடி பத்து விதமாகத் தரவைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை.