ஆர்ச்சி கிரிஃபினுக்கு இரண்டாவது ஹைஸ்மன் கொடுத்தது தவறா?

"தொழில்முறை ஆட்டத்தில் பெரிதாக ஒன்றும் சாதிக்காத ஆர்ச்சி கிரிஃபினை ஒஹையோக்காரர்கள் ஏன் இன்னும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்? 1975 ஹைஸ்மன் வேறு ஒருவருக்குத்தானே போயிருக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் அமெரிக்கா வந்து ரொம்ப நாள் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோ இந்தப் பேச்சை எடுத்திருப்பார்கள். நீங்கள் வீட்டுக்குப் போய் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் அவர் எடுத்த எண்களைத் தேடிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று நினைத்திருப்பீர்கள். அதில் தப்பே இல்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

நான் ஒஹையோவின் தலைநகர் கொலம்பஸில் இருக்கிறேன், 2008 கடைசியில் இங்கே வந்தேன். அதனால் ஊர்ப்பாசத்தில் எழுதுகிறான் என்று சிலர் சொல்வார்கள். கிரிஃபின் ஆடிய ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. சிவப்பும் சாம்பலுமாக அந்த அணியின் நிறத்தில் ஒரு சட்டைகூட என்னிடம் கிடையாது. எனக்குத் தெரிந்ததை, நான் யோசித்ததைச் சொல்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. ஹைஸ்மன் என்பது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் விருது. 1935 முதல் கொடுக்கிறார்கள். நாடு முழுக்க இருக்கிற விளையாட்டுப் பத்திரிகையாளர்களும் முன்பு வென்றவர்களும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். இதை இரண்டு முறை வாங்கிய ஒரே ஆள் ஆர்ச்சி கிரிஃபின். 1974, 1975. அவர் ரன்னிங் பேக். அதாவது பந்தை வாங்கிக்கொண்டு எதிராளிச் சுவருக்குள் புகுந்து ஓடுகிறவர். ஒரு ஆட்டத்தில் 100 யார்டு ஓடிவிட்டால் அன்றைக்கு அவர் நன்றாக ஆடினார் என்று அர்த்தம்.

2012இல் நாங்கள் வீடு வாங்கினோம். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கொலம்பஸின் கிழக்குப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். கிரிஃபின் படித்த ஈஸ்ட்மூர் பள்ளியும் அந்தப் பக்கம்தான். சனிக்கிழமை ஆனால் கராஜ் கதவை மேலே ஏற்றிவிட்டு, உள்ளே ஒரு பழைய டிவி, பக்கத்தில் ரேடியோ, மடக்கு நாற்காலி இரண்டு. டிவியில் படம், ரேடியோவில் வர்ணனை. டிவிக்காரர்களின் பேச்சு அவருக்குப் பிடிக்காது.

ஒரு நாள் இரண்டாவது நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தபோது கேட்டார்: "நீ என்னத்தைப் பாக்குற?"

"பந்தைத்தான்."

"அதான் உனக்குப் புரியல. பந்தை விட்ரு. முன்னாடி நிக்கிற அஞ்சு பேரைப் பாரு."

எழுந்து போய் ஒரு சாக்பீஸ் எடுத்து வந்தார். கராஜின் சிமெண்டுத் தரையில், ஆயில் கறைக்குப் பக்கத்தில், ஐந்து வட்டம் போட்டார். பின்னால் பந்தை முதலில் வாங்கி மற்றவர்களிடம் கொடுக்கும் குவார்ட்டர்பேக், அவருக்குப் பின்னால் பெரும்பாலும் வழிதிறக்க முன்னே பாயும் ஃபுல்பேக், அதற்கும் பின்னால் ஒரு சின்ன வட்டம். "இது ஆர்ச்சி." கடைசி வட்டத்துக்கு வெளிப்பக்கம் ஒரு கோடு இழுத்தார். "இந்த இடுக்கு அரை செகண்டுதான் திறக்கும். லேட்டா வந்தா மூடிக்கும். சீக்கிரம் வந்தா நம்ம ஆள் முதுகுலயே போய் மோதுவ. ஆர்ச்சி ஒரு எட்டு நின்னு, பாத்து, அப்புறம்தான் பாய்வான். அந்த ஒரு எட்டை யாரும் கத்துக் குடுக்க முடியாது." அஞ்சடி ஒன்பது அங்குல உயரம்தான் கிரிஃபின். அந்தத் தடியர்களுக்குப் பின்னால் அவர் எங்கே நிற்கிறார் என்றே எதிராளிக்குத் தெரியாது என்று சொல்லி, சின்ன வட்டத்தைச் சாக்பீஸால் இரண்டு தட்டுத் தட்டினார்.

அன்றைக்குத்தான் 1972 செப்டம்பர் 30 கதையைச் சொன்னார். முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடலாம் என்று அனுமதித்த முதல் வருஷம் அது. அயோவாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கிரிஃபினுக்குப் பந்து கிடைத்தது ஒரே ஒரு முறை, அதையும் கை நழுவ விட்டுவிட்டார். இனி இந்தப் பையனுக்கு வாய்ப்பே வராது என்று எல்லாரும் நினைத்தார்களாம். அடுத்த ஆட்டம் நார்த் கரோலினாவோடு. ஒஹையோ ஸ்டேட் 7-0 என்று பின்தங்கி இருந்தபோது உள்ளே அனுப்பினார்கள். ஆட்டம் முடியும்போது 239 யார்டு! அன்றுவரை அந்தக் கல்லூரியில் ஒரே ஆட்டத்தில் யாரும் அவ்வளவு ஓடியதில்லை. பெரியவர் தன் அண்ணனோடு அன்றைக்கு ஸ்டேடியத்தில் இருந்திருக்கிறார். "பக்கத்துல உக்காந்திருந்தவன் என்கிட்ட 'யாருடா இந்த 45?'ன்னு கேட்டான். எங்க ஏரியாப் பையன்னு சொன்னேன். சொல்லும்போதே தொண்டை அடைச்சிருச்சு." நாற்பது வருஷம் கழித்து அதைச் சொல்லும்போதும் அவருக்குக் குரல் மாறியது.

வூடி ஹேய்ஸ்தான் பயிற்சியாளர். பந்தை வீசுவதே அவருக்குப் பிடிக்காது. தரையோடு தரையாக ஓடித்தான் ஜெயிக்க வேண்டும். கிரிஃபினைக் கல்லூரிக்கு அழைக்க வந்த இரவு விருந்தில் ஃபுட்பால் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் படிப்பைப் பற்றியே பேசியிருக்கிறார். பையன் வீட்டுக்குப் போய் அப்பாவிடம், "அவருக்கு நான் வேண்டாம்போல" என்று சொன்னதாகச் சொல்வார்கள். அந்த அப்பா மூன்று வேலை பார்த்து எட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1975இல் கிரிஃபினின் எண்கள் 1974ஐவிடக் குறைவு. டச் டவுன், அதாவது பந்தை எதிராளியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்ப்பது, வெறும் நான்கு. தெற்குக் கலிஃபோர்னியாவின் ரிக்கி பெல் அந்த வருஷம் 1,875 யார்டு ஓடினார், நாட்டிலேயே அதிகம். கலிஃபோர்னியாவின் சக் மன்ஸி ஓடவும் செய்தார், பாஸ் பிடிக்கவும் செய்தார். வெறும் எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் பெல்லுக்குக் கொடுத்திருக்கலாம் என்கிறவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் அந்த நான்கு டச் டவுனைச் சொல்கிறவர்கள் பீட் ஜான்சனைச் சொல்வதில்லையே, ஏன்? அவர் அதே அணியின் ஃபுல்பேக், 250 பவுண்டு அளவுக்கு உடம்பு. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் போனதும் பந்து அவரிடம் போகும். அந்த சீசனில் அவர் போட்டது 25 டச் டவுன். அங்கே வரை பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? கிரிஃபின் ஓடாத நேரத்தில் அவருடைய வேலை அதே ஜான்சனுக்காக எதிராளியைத் தடுத்து நிற்பது. அதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் கட்டம் இல்லை.

இன்னொன்றும் பாருங்கள். 1973 முதல் ஆட்டத்திலிருந்து 1975 மிச்சிகன் ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டம்வரை, ரெகுலர் சீசனில் வரிசையாக 31 ஆட்டம், ஒவ்வொன்றிலும் 100 யார்டுக்குக் குறையாமல் ஓடியிருக்கிறார். பந்து அவரிடம்தான் வரும் என்று எதிராளிக்கும் தெரியும், மைதானத்தில் பாப்கார்ன் விற்கிற பையனுக்கும் தெரியும். அப்படி இருந்தும் மூன்று வருஷம் ஒருவராலும் அடைத்து நிறுத்த முடியவில்லை. மிச்சிகன் மட்டும்தான் கடைசியில் 46 யார்டில் நிறுத்தியது. அந்த ஆட்டத்தையும் ஒஹையோ ஸ்டேட்தான் 21-14 என்று ஜெயித்தது. கடைசி நேரத்தில் மிச்சிகன் வீசிய பந்தை இடைமறித்துப் பிடித்து எல்லைக்கோடு பக்கம் வரை கொண்டுபோனது ஆர்ச்சியின் தம்பி ரே கிரிஃபின். அண்ணனுடைய வரிசை அறுந்த அன்றைக்குத் தம்பி வந்து நின்றான். பெரியவருக்கு இந்த இடத்தைச் சொல்லச் சொல்லத் திகட்டாது.

விமர்சிக்கிறவர்கள் அடுத்ததாக எடுப்பது, "1975இல் அவருடைய சொந்த அணியே சிறந்த ஆட்டக்காரராகக் குவார்ட்டர்பேக் கார்னீலியஸ் கிரீனைத்தானே தேர்ந்தெடுத்தது?" என்பது. உண்மைதான். ஒஹையோ ஸ்டேட் ஆடும் பிக் டென் என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அந்த வருஷம் கிரீனுக்குத்தான். ஆனால் அணிக்குள் நடந்த அந்த வாக்கெடுப்பில் ஆர்ச்சி போட்ட ஓட்டும் கிரீனுக்குத்தான். இதை அவருக்கு எதிரான சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்துவது எனக்குக் கோபத்தைத்தான் வரவைக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம், இரண்டாவது முறை கொடுக்க மனிதர்களுக்கு இருக்கிற தயக்கம். ஏற்கெனவே வாங்கியவர் திரும்ப வந்து நின்றால் அவரை வேறு தராசில் போட்டு நிறுப்பார்கள். பில்லி சிம்ஸ் 1978இல் வென்றார், 1979இல் இரண்டாமிடம். டிம் டீபோ 2007இல் வென்றார், அடுத்த வருஷம் மூன்றாமிடம். லமார் ஜாக்சன் 2016இல் வென்றார், அடுத்த வருஷம் அவரும் மூன்றாமிடம். இவர்கள் எல்லாரும் ஒரே வருஷத்தில் ஆட்டத்தை மறந்துவிட்டார்களா என்ன? அந்தத் தயக்கத்தையும் தாண்டித்தான் 1975இல் கிரிஃபின் இரண்டாமிடம் வந்த மன்ஸியைவிட இரண்டு மடங்குக்கு மேல் புள்ளி வாங்கினார்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், எனக்கே நடந்திருக்கிறது. முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஒரு வருஷம் அப்ரைஸலில் எனக்கு மேல்தட்டு ரேட்டிங் கிடைத்தது. அடுத்த வருஷம் அதைவிட அதிகம் உழைத்தேன். சம்பளப் பட்டுவாடா சிஸ்டத்தைப் புது சர்வருக்கு மாற்றினோம். வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு மதியம்வரை சர்வர் ரூமில் இருந்தேன். அந்தக் குளிரில் ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, நாற்காலியிலேயே ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தேன். திங்கள்கிழமை ஒருவருக்குக்கூடச் சம்பளம் தப்பவில்லை. அப்ரைஸல் அன்று மேனேஜர், அவரும் நம்ம ஊர்க்காரர்தான், சொன்னார்: "போன வருஷம் உனக்குத்தானேப்பா குடுத்தோம். இந்த வருஷம் டீம்ல வேற யாருக்காவது குடுக்கணும்ல?" நான் செய்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேறு இடம் பார்க்கலாம் என்றால் கிரீன் கார்டு வரிசை. மாறினால் பாதிக் காகிதங்களை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தியாவில் பிறந்த ஒரே காரணத்துக்காக எங்கள் வரிசை மட்டும் எத்தனை வருஷம் நீள்கிறது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்வீர்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது. "போன வருஷம்தானே வாங்கினான்" என்ற பேச்சை எங்கே கேட்டாலும் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வருகிறது.

கடைசியாக என்எஃப்எல். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி அவரை 1976 டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் சுற்றில் எடுத்தது. களத்தில் ஏழு சீசன், மொத்தம் 2,808 யார்டு. ஒரு சீசனில்கூட ஆயிரத்தைத் தொடவில்லை. இதை நான் மறைக்கவில்லை. கல்லூரி அணியாக எடுத்துக்கொண்டாலும் அவர் ஆடிய நான்கு வருஷத்தில் ஒஹையோ ஸ்டேட் தேசிய சாம்பியன் ஆகவில்லை. சீசன் முடிவில் நடக்கும் ரோஸ் பவுல் ஆட்டம் நான்கில் ஒன்றுதான் வெற்றி. 1975இல் அக்டோபரில் 41-20 என்று தோற்கடித்த யுசிஎல்ஏவிடமே ரோஸ் பவுலில் 23-10 என்று தோற்றார்கள். இவையெல்லாம் நியாயமான விமர்சனங்கள், ஏனென்றால் இவை கல்லூரி ஆட்டத்துக்குள் நிற்பவை. என்எஃப்எல்லைக் கொண்டுவந்து கல்லூரிக் கணக்கில் கழிப்பதை மட்டும்தான் நான் ஏற்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பெரியவரிடம் இதைக் கேட்டேவிட்டேன். "ஆனா என்எஃப்எல்ல அவர் அவ்வளவா ஓடலையே?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். ரேடியோவைக் குறைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். ஹைஸ்மன் விருதை முதன்முதலில் 1935இல் வாங்கியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். அடுத்த வருஷம் என்எஃப்எல் நடத்திய முதல் டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்ததும் அவரைத்தான். அவர் போகவே இல்லை, ஒரு ஆட்டம்கூடத் தொழில்முறையில் ஆடவில்லை. 1939இல் வாங்கிய அயோவாவின் நைல் கின்னிக் 1943இல் கடற்படை விமானப் பயிற்சியில் இறந்துபோனார். 1961இல் வாங்கிய எர்னி டேவிஸை ரத்தப் புற்றுநோய் கொண்டுபோனது. இந்த மூன்று பேரும் என்எஃப்எல்லில் ஓடியது ஒரு யார்டுகூட இல்லை. கின்னிக் பெயரில் அயோவாவில் ஸ்டேடியமே இருக்கிறது.

"அவங்க மூணு பேரையும் யாராச்சும் கொறைச்சுப் பேசுறாங்களா?" என்று கேட்டார் பெரியவர். நான் இல்லை என்றேன். "அப்புறம் ஆர்ச்சிகிட்ட மட்டும் ஏன் கேக்குறீங்க? அவன் போய் ஆடினதுதான் தப்பா?"

பிறகு ரேடியோ சத்தத்தைக் கூட்டினார். மூன்றாவது குவார்ட்டர் தொடங்கியிருந்தது.