வாசகர் கேள்வி – பதில்: பள்ளித் தோழர்களும் ஓர் இந்திப் படமும்

பழைய பள்ளித் தோழர்களோடு இந்திப் படத்துக்குப் போவது குறித்துச் சென்ற இதழில் ஒரு வாசகிக்கு இரண்டே வரிகளில் பதில் எழுதியிருந்தோம். அது போதவில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த முறை சற்று விரிவாகவே பதில் தருகிறோம்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர் பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். திருமணத்துக்குப் பிறகு வடக்கே வாழ்ந்து திரும்பிய இருவர், எல்லோரும் சேர்ந்து ஓர் இந்திப் படம் பார்க்கலாம் என்கிறார்கள். ஒருத்தி மட்டும், “எனக்கு ஒரு வார்த்தை புரியாது, நீங்கள் சிரிக்கும்போது நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்” என்று மறுக்கிறாள். அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: அவரைச் சம்மதிக்க வைப்பதற்கு முன்பு, படத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஆறு பேர் சேர்ந்து போகும்போது, மொழி நன்றாகத் தெரிந்த இருவருக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பதை விட, மொழியே தெரியாத ஒருவர் தொடர்ந்து பார்க்கக்கூடியதைத் தேர்ந்தெடுப்பதே நியாயம் என்பது எங்கள் கருத்து. தெரிந்தவர்களுக்கு அதனால் நட்டம் எதுவும் இல்லை.

பேச்சிலேயே ஓடும் நகைச்சுவைப் படத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். தென் மாநிலங்களின் மல்டிபிளெக்ஸ்களில் இந்திப் படங்கள் பெரும்பாலும் ஆங்கில வசன வரிகளோடு திரையிடப்படுகின்றன என்றாலும், சிரிப்பு வசனத்தைப் படித்து முடிப்பதற்குள் அரங்கம் சிரித்து ஓய்ந்துவிடும். ஆங்கிலத்தை வேகமாகப் படித்துப் பழக்கமில்லாதவருக்கு அது இரண்டு மணி நேரப் பரீட்சையாகவே இருக்கும். பெரிய நட்சத்திரங்களின் படங்கள் சில சமயம் தமிழ்க் குரலோடும் வெளியாகின்றன. அட்லி இயக்கி, அனிருத் இசையமைத்து, 2023 செப்டம்பரில் வந்த ‘ஜவான்’ இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளிலும் ஒரே நாளில் வெளியானது. அத்தகைய படமாக இருந்தால், முன்பதிவு செய்யும்போது எந்த மொழிக் காட்சி என்பதையும், வசன வரிகள் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே அரங்கில் ஒரே படத்துக்குக் காலையில் ஒரு மொழியும் மாலையில் வேறு மொழியும் இருப்பது உண்டு.

இவை எல்லாவற்றையும் விட எங்களுக்குப் பிடித்த வழி வேறொன்று இருக்கிறது. உங்கள் தோழி தமிழில் ஏற்கெனவே பார்த்த கதையையே இந்தியில் பாருங்கள். நம் ஊர்க் கதைகளும் அவர்கள் கதைகளும் எவ்வளவு காலமாகக் கைமாறி வருகின்றன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ‘யாதோன் கி பாராத்’ 1975-இல் எம்.ஜி.ஆரின் ‘நாளை நமதே’ ஆயிற்று, ‘தீவார்’ ரஜினிகாந்தின் ‘தீ’ ஆயிற்று, ‘டான்’ 1980-இல் ‘பில்லா’வாக வந்தது, ‘முன்னா பாய் எம்.பி.பி.எஸ்.’ அடுத்த ஆண்டே ‘வசூல்ராஜா’வானது, ‘3 இடியட்ஸ்’ ஷங்கர் கையில் ‘நண்பன்’ ஆனது. எதிர்த் திசையிலும் இதே கதைதான்: ‘விக்ரம் வேதா’வை 2022-இல் இந்தியிலும் புஷ்கர் – காயத்ரி இணையரே இயக்கினார்கள், ‘கைதி’ அடுத்த ஆண்டு ‘போலா’வாக வந்தது. பழைய இந்திப் படங்கள் அண்மைக் காலமாக மீண்டும் மீண்டும் திரைக்கு வருவதால், இப்படி ஒன்று கிடைப்பது முன்பு போல் அரிதன்று. அடுத்து என்ன நடக்கும் என்பது இந்தி தெரிந்த இருவருக்கும் தெரியாமல், தெரியாத ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருக்கும் நிலை வந்தால், அன்று யார் யார் முகத்தைப் பார்ப்பார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் இந்தி தெரிந்த நண்பர், படம் முழுவதும் வசனத்துக்கு வசனம் உரக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே வருகிறார். முன் வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பி முறைக்கிறார்கள். நல்ல மனிதர், எப்படிச் சொல்வது?

பதில்: அவருடைய உதவியை நிறுத்தச் சொல்லாதீர்கள், நேரத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அரங்குக்குள் நுழைவதற்கு முன்பு, யார் யாருக்கு என்ன உறவு, சண்டை எதற்காக என்பதை மட்டும் அவர் சொல்லட்டும்; மீதியை இடைவேளையில் கேட்டுக்கொள்ளலாம். முறைத்தவர்கள் மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. அவர்களும் பணம் கொடுத்துத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள்.

கேள்வி: 1965-இல் பள்ளி மாணவனாக இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் முழக்கமிட்டுப் போனவன் நான். அன்று என்னோடு வந்த அதே நண்பர்கள் இப்போது இந்திப் படத்துக்கு அழைக்கிறார்கள். பேரன் கேலி செய்கிறான். போவது முரண்பாடு இல்லையா?

பதில்: இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் பேரனுக்கு விளக்கம் தேவைப்படும் என்பதால் சிறிது விரித்துச் சொல்கிறோம்.

1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே நடுவண் அரசின் ஆட்சி மொழியாக நிலைபெறும் என்ற அச்சத்தில் எழுந்தது அந்தப் போராட்டம். அரசு வேலை, தேர்வு, கோப்பு, கடிதம் ஆகியவற்றில் ஒரு மொழியைக் கட்டாயமாக்கக் கூடாது என்பதே அதன் கோரிக்கையாக இருந்தது. ஆங்கிலம் தொடர்வதற்கு உறுதியளிக்கும் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் 1967-இல் வந்தது. மறு ஆண்டு தமிழ்நாட்டில் இருமொழிக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அதற்கு மறு ஆண்டில் வெளியான ‘ஆராதனா’ என்ற இந்திப் படம், தமிழ்க் குரல் எதுவும் சேர்க்கப்படாமலே சென்னையில் நெடுநாள் ஓடியது. கல்லூரி விடுதிகளில் கிஷோர் குமாரின் பாடல்களைப் பொருள் தெரியாமலே முழுவதுமாகப் பாடியவர்களில், ஊர்வலத்தில் நடந்தவர்களும் கணிசமாக இருந்திருப்பார்கள். யாரும் அதை முரண்பாடாக நினைக்கவில்லை. ஏனென்றால் அந்தப் படத்தின் நாயகன் ராஜேஷ் கன்னாவை யாரும் தேர்வுப் பாடமாக்கவில்லை. அந்தப் படம் 1974-இல் சிவாஜி கணேசனும் வாணிஸ்ரீயும் நடித்த ‘சிவகாமியின் செல்வன்’ ஆகவும் வந்தது.

இன்னொன்றையும் பேரனிடம் சொல்லுங்கள். இந்தித் திரையுலகத்தில் நம்மவர்களின் பங்கு சிறியதன்று. ஜெமினி எஸ்.எஸ்.வாசன் ‘சந்திரலேகா’வை 1948-இல் இந்தியிலும் எடுத்து வடநாடு முழுவதும் கொண்டுபோனார். ஏவி.எம். நிறுவனம் வைஜயந்திமாலாவை 1951-இல் ‘பஹார்’ மூலம் அங்கே அறிமுகம் செய்தது. ஸ்ரீதர் தம்முடைய ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ கதையை மறு ஆண்டே ‘தில் ஏக் மந்திர்’ ஆக்கினார். செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மானும், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஹேமமாலினியும், சிவகாசிக்கு அருகே பிறந்த ஸ்ரீதேவியும் அங்கே எத்தனை ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தார்கள் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. திணிப்பை எதிர்த்தவர் பிடித்ததைப் பார்ப்பதில் தடை எதுவும் இல்லை. பேரனையும் அழைத்துப் போகலாம் என்று சொல்லியிருப்போம். ஆனால் பள்ளி நண்பர்கள் மட்டும் கூடும் நாளில் பேரன் வந்தால் நீங்கள் அனைவரும் தாத்தாக்களாகிவிடுவீர்கள்.

கேள்வி: எங்களில் ஒருவர் பெரிய தொழிலதிபர். ஒவ்வொரு முறையும் சாய்வு நாற்காலி உள்ள விலையுயர்ந்த அரங்கில் தாமே எல்லோருக்கும் டிக்கெட் எடுத்துவிடுகிறார். வாடகை ஆட்டோ ஓட்டும் இன்னொரு நண்பர் கடந்த சில முறைகளாக ஏதோ காரணம் சொல்லி வராமல் இருக்கிறார். நடுவில் இருக்கும் நாங்கள் என்ன செய்வது?

பதில்: ஆட்டோ ஓட்டும் நண்பர் சொல்லாத காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் எழுதியிருக்கிறீர்கள். அவர் தம் சொந்தப் பணத்தில் தயக்கமின்றி வாங்கக்கூடிய டிக்கெட் எதுவோ அந்த அரங்குக்கே எல்லோரும் போங்கள், அவரவர் பங்கை அவரவர் கொடுங்கள். தொழிலதிபரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். தாராள மனம் கொண்டவருக்கு இதைப் புரிந்துகொள்ளவும் முடியும்.

செலவைக் குறைக்கும் வழிகளும் உண்டு. பல மல்டிபிளெக்ஸ்களில் வார நாட்களின் காலைக் காட்சிக்கும், சில இடங்களில் செவ்வாய்க்கிழமைக்கும் கட்டணம் குறைவு. இணையத்தில் பதிவு செய்தால் டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று சேரும் கூடுதல் கட்டணம், கவுண்டரில் நேராக வாங்கினால் இருக்காது. எட்டுப் பேர் போகும்போது அந்தத் தொகை சிறியதன்று. 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் முதல் 5 சதவீதம், அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதம் என்பதையும் கணக்கில் கொள்ளலாம். உண்மையில் பையைக் காலி செய்வது டிக்கெட் அன்று, இடைவேளைச் சிற்றுண்டி. வெளி உணவை அரங்க உரிமையாளர்கள் தடுக்கலாம் என்றும், ஆனால் குடிநீரை இலவசமாக வழங்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடியுங்கள். சாப்பாட்டைப் படம் முடிந்த பிறகு, உட்கார்ந்து பேச இடம் தரும் ஓர் உணவகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளி இறுதி வகுப்பில், வகுப்பைக் கட் அடித்து ஐந்து பேராக ‘ஷோலே’ பார்த்தோம். ஒருவர் இப்போது இல்லை. மீதி நால்வரும் அதே படத்தை மீண்டும் பெரிய திரையில் பார்க்க விரும்புகிறோம். ஏமாற்றமாக இருந்துவிடுமோ என்று தயக்கம்.

பதில்: நீங்கள் அன்று பார்த்த படமும் இன்று பார்க்கக் கிடைப்பதும் முற்றிலும் ஒன்றல்ல என்பதால் தயக்கம் வேண்டாம். 1975 ஆகஸ்ட் 15-இல், நெருக்கடி நிலை நடப்பில் இருந்தபோது அந்தப் படம் வெளியானது. கைகளை இழந்த தாக்கூர், கொள்ளைத் தலைவன் கப்பர் சிங்கைத் தாமே கொன்றுவிடுவதாகத்தான் இயக்குநர் ரமேஷ் சிப்பி முதலில் எடுத்திருந்தார். சட்டத்தைத் தனி மனிதர் கையில் எடுப்பதைத் தணிக்கைக் குழு ஏற்காததால், காவலர்கள் வந்து கைது செய்வதாக முடிவு மாற்றப்பட்டது. நீங்கள் ஐவரும் பார்த்தது அந்த மாற்றிய முடிவைத்தான். முதலில் எடுத்த முடிவோடு சீரமைக்கப்பட்ட பிரதி 2025 ஜூனில் இத்தாலியின் பொலோனியா நகரத் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. திரையரங்கில் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஆறு மாதம் ஓடினாலே சாதனை என்றிருந்த காலத்தில் பம்பாய் மினர்வா திரையரங்கில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய படம். பாடல் தட்டு போலவே அதன் வசனத் தட்டும் விற்றது. ஆரம்ப வாரங்களில் அதைத் தோல்வி என்று பத்திரிகைகள் எழுதின என்பது எங்கள் தொழில் சார்ந்தவர்கள் விரும்பி நினைவுகூராத செய்தி.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது நீளம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். உங்கள் வயதில் நடைபாதையை ஒட்டிய இருக்கைகளும், படி ஏறாமல் போகக்கூடிய வரிசையும் முக்கியம். பகல் காட்சி இரவுக் காட்சியை விட நல்லது. மறைந்த நண்பரின் குடும்பத்தாருக்கு விருப்பம் இருந்தால் ஓர் இருக்கையை அவர்களுக்கு எடுங்கள். அவர் மகனோ மகளோ, தந்தை கட் அடித்த கதையை வீட்டில் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

கேள்வி: எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இருக்கிறோம். எந்தப் படம், எந்த நாள் என்று வாக்கெடுப்பு நடத்தி முடிப்பதற்குள் படமே அரங்கை விட்டுப் போய்விடுகிறது. என்ன வழி?

பதில்: வாக்கெடுப்பை நிறுத்துவதுதான். பெருநகரங்களுக்கு வெளியே இந்திப் படங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வாரமும், நாளுக்கு ஓரிரு காட்சிகளும் மட்டுமே. கூட்டம் இல்லையென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அரங்கு வேறு படத்துக்குப் போய்விடும். அரங்கில் விட்டதை வீட்டில் பார்க்கலாம் என்றால், தேசிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் இந்திப் படங்களுக்கு வலியுறுத்தும் இடைவெளி எட்டு வாரம். அதற்குள் உங்கள் குழு வேறு விவாதத்துக்குப் போயிருக்கும்.

இரண்டு பேரிடம் பொறுப்பைக் கொடுங்கள். ஒருவர் இந்தி தெரியாதவராக இருக்கட்டும். வரும் வாரத்துக்கான காட்சி நேரங்கள் வழக்கமாக அதற்கு ஓரிரு நாள் முன்பே தெரிந்துவிடும். அவர்கள் ஒரு படத்தையும் ஞாயிறு பகல் காட்சியையும் முடிவு செய்து, “வருபவர்கள் நாளை மாலைக்குள் பணம் அனுப்பவும்” என்று ஒரே செய்தி போடட்டும். பணம் அனுப்பியவர்களுக்கு மட்டும் இருக்கை. முப்பது பேரில் ஏழெட்டுப் பேர் வந்தால் அது நல்ல கூட்டம். ஒரே வரிசையில் உட்காரவும், பிறகு ஒரே மேசையில் சாப்பிடவும் அதற்கு மேல் ஆட்கள் சேர்ந்தால் சிரமம். வராதவர்கள் குறைப்பட்டால், அடுத்த முறை பொறுப்பை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.