தனித்தனியே அறிவாளிகளாக இருப்பவர்கள் குழுவாகக் கூடினால் ஏன் தவறான முடிவை எடுக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பதைப் பார்த்தால், அண்மையில் ஏதோ ஒரு கூட்டத்தில் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கூட்டத்தில் அறிவு குறைந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை; அது வெளியே வர வழியில்லாமல் போகிறது.

நான் இயற்பியல் கற்பிப்பவள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் வினாத்தாள் சரிபார்ப்புக் குழுவில் இருந்தேன். சாய்தளத்தில் சறுக்கும் கட்டையைப் பற்றிய கணக்கு ஒன்றில், தளம் சொரசொரப்பானது என்று எழுதிவிட்டு, உராய்வுக் குணகத்தை, அதாவது உராய்வு எவ்வளவு என்று காட்டும் எண்ணை, கொடுக்காமல் விட்டிருந்தார்கள். அது இல்லாமல் விடை காண முடியாது என்றேன். "உராய்வு இல்லையென்று பிள்ளைகள் வைத்துக்கொள்வார்கள், அம்மா" என்றார் மூத்த பேராசிரியர். அவருக்கு அருகில் இருந்தவர் தலையசைத்தார், அவருக்கு அடுத்தவரும் அசைத்தார், வினாத்தாள் அப்படியே அச்சுக்குப் போயிற்று. பிறகு தேநீர் குடிக்கும்போது அவர்களுள் இருவர், "நீங்கள் சொன்னதுதான் சரி, ஆனால் ஐயா பேசிய பிறகு எப்படி மறுப்பது?" என்று என்னிடம் மெல்லச் சொன்னார்கள். தேர்வு முடிந்ததும் அந்த வினாவுக்கு எல்லாருக்கும் முழு மதிப்பெண் வழங்க நேர்ந்தது. எனக்கு மிஞ்சியது, எதற்கெடுத்தாலும் குறுக்கே பேசுகிறவள் என்ற பெயர். அடுத்த பருவத்தில் என்னைக் குழுவில் சேர்க்கவுமில்லை.

தற்பெருமைக்காக இதைச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 1950களில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய சோதனையை நடத்தினார். தனியாக விடையளித்தவர்கள் ஏறக்குறைய தவறே செய்யவில்லை; கூட இருந்தவர்கள், ஆஷ் முன்கூட்டியே சொல்லிவைத்தபடி, ஒரே குரலில் தவறான விடையைக் கூறியபோதோ, சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவறையே பின்பற்றியது. அமெரிக்க மாணவர்களை வைத்துச் செய்த சோதனை நமக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள், 17 நாடுகளில் நடந்த இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியான கட்டுரையைப் பார்க்கலாம். கூட்டு வாழ்க்கையைப் போற்றும் சமூகங்களில் இந்த இணக்கம் இன்னும் அதிகமாகவே இருந்தது.

ஆஷின் சோதனையில் சரியான விடையைச் சொல்லும் ஒரே ஒருவர் துணைக்கு இருந்தபோது, கூட்டத்துக்குப் பணிவது பெருமளவு குறைந்தது. ஆகவே தேநீர் வேளையில் என்னிடம் சொன்னதை அந்த இருவரில் ஒருவர் கூட்டத்தில் சொல்லியிருந்தால் போதும் என்ற மனக்குறை எனக்கு இன்றும் உண்டு. ஆஷ் தம் சோதனையில் விடையை வாயால் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோதும் அதே போல் தவறுகள் வெகுவாகக் குறைந்தன.

இப்போது என் பொறுப்பில் உள்ள குழுக்களில், ஒவ்வொருவரும் தாம் கண்ட குறைகளை எழுதித் தந்த பிறகே பேச்சைத் தொடங்குகிறேன். பணியில் இளையவர் முதலில் பேசுவார், நான் கடைசியில் பேசுவேன். இது மூத்தவர்களை அவமதிக்கும் முறை என்று முறையிட்டவர்களும் உண்டு. அதையும் எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டேன்.