ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ரோபோவும் மொபைல் ஆப்பும் உதவுமா?

கேள்வி: நாங்கள் ஆரணியில் இருக்கிறோம். மகனுக்கு மூன்றரை வயது. ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள், இன்னும் பேச்சு வரவில்லை. ஒரு தெரபி மையத்தில் ரோபோ வைத்துப் பயிற்சி தருவதாகச் சொல்லி, அதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். வீட்டில் மாமியாரோ, போன் பார்த்துத்தான் பையன் இப்படி ஆகிவிட்டான் என்கிறார். போன், ரோபோ வைத்தெல்லாம் தெரபி செய்யலாமா?

பதில்:

சகோதரி, நானும் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அம்மாதான். குடியாத்தத்தில் இருக்கிறோம், அவனுக்கு இப்போது ஒன்பது வயது. வாயால் சொல்வது சில சொற்கள்தான். மீதியை டேப்லெட்டில் படத்தை அழுத்திச் சொல்கிறான்.

முதலில் உங்கள் மாமியார் சொன்னதைப் பார்ப்போம். போன் பார்ப்பதால் ஆட்டிசம் வராது. லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைக் கவனித்து ஆட்டிசத்தைப் பற்றி எழுதியது 1943-இல். அப்போது செல்போன் ஏது? இது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, இதை அவருக்கும் பொறுமையாகச் சொல்லுங்கள். அதற்காகப் போனைக் கையில் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போவதும் சரியில்லை. 2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன் உட்கார வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. கார்ட்டூன் ஓடும் திரைக்கு அந்தக் கணக்கு சரி. பிள்ளை தன் மனதைச் சொல்லப் பயன்படுத்தும் திரையை நான் அதில் சேர்க்க மாட்டேன்.

ரோபோவை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தில் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் 'காஸ்பர்' என்று ஒரு ரோபோ செய்தார்கள். சின்னப் பையன் அளவில் இருக்கும், முகத்தில் பாவனைகள் குறைவு. தடவிக் கொடுத்தால் சந்தோஷப்படும், ஓங்கி அடித்தால் வலிக்கிறது என்று சொல்லும். நம் முகம் அப்படியா? புருவம், வாய், குரல், கை எல்லாம் ஒரே நேரத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும். நம் பிள்ளைகள் பலருக்கு அது தாங்க முடியாத கூட்டம். ரோபோ நூறு தடவை கையாட்டினாலும் ஒரே மாதிரிதான் ஆட்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிவதால் பிள்ளைக்குப் பயம் குறைகிறது.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 12 பிள்ளைகளின் வீடுகளில் ஒரு மாதம் ரோபோவை வைத்து, தினமும் அரை மணி நேரம் விளையாட விட்டார்கள். மாத முடிவில், ரோபோ இல்லாத நேரத்திலும், அடுத்தவர் பார்க்கும் பொருளைத் தானும் பார்ப்பது அந்தப் பிள்ளைகளிடம் கூடியிருந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் 12 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அவர்கள் 6 முதல் 12 வயதுள்ளவர்கள், உங்கள் மகனுக்கு மூன்றரை. அப்புறம், அந்த அரை மணி நேரமும் பெற்றோர் ஒருவர் கூடவே இருந்தார். விளையாட்டின் நடுவே பிள்ளை அவர் பக்கமும் திரும்பும்படி ரோபோ பார்த்துக்கொண்டது.

அந்தக் கடைசி விஷயத்தை நானே நேரில் பார்த்தேன். வேலூரில் ஒரு கல்லூரிக் கண்காட்சிக்குப் போயிருந்தோம். மாணவர் ஒருவர் முழங்கால் உயர ரோபோ ஒன்றை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். என் மகன் அது கையாட்டியதைக் கவனிக்கவே இல்லை. கிட்டே போய் அதன் கழுத்தில் காதை வைத்தான். தலை திரும்பும்போது உள்ளே மோட்டார் லேசாக முனகும், அதைக் கேட்கத்தான். சத்தம் நின்றதும் என்ன செய்வது என்று பார்த்தான். அந்த மாணவரின் கையைப் பிடித்து இழுத்துப் பொத்தான் மேல் வைத்தான். அந்தத் தம்பியும் புரிந்துகொண்டு, அழுத்தாமல் இவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இவன் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் அழுத்தினார். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவருக்கு அது தெரிந்திருந்தது. அங்கே நடந்த தெரபி அந்தத் தம்பி காத்திருந்த நேரம்தான்.

அதனால் அந்த மையத்தில் இதைக் கேளுங்கள். ரோபோ ஓடும்போது தெரபிஸ்ட் எங்கே உட்காருவார்? நான் உள்ளே வரலாமா? அதில் கற்றதை வீட்டில் நான் எப்படித் தொடர்வது? அது தமிழ் பேசுமா? அம்மா வெளியே உட்காருங்கள், ரோபோ பார்த்துக்கொள்ளும் என்றால் பணம் கட்டாதீர்கள். அந்தப் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்கும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் போடுங்கள்.

ஆப் விஷயம் வேறு. அங்கே எனக்குத் தயக்கமே இல்லை. கலர் சொல், எண் சொல், சிரிக்கும் முகம் எது என்று கேட்டு நட்சத்திரம் கொடுக்கும் ஆப்கள் நிறைய இருக்கின்றன. அவற்றால் பெரிய பலனை நான் பார்த்ததில்லை. திரையில் வரைந்த அழுத முகத்தைச் சரியாகத் தொடும் பிள்ளைக்கு, பக்கத்தில் அம்மா அழுவது தெரியாமல் போகலாம். பிள்ளைக்குப் பதிலாகப் பேசும் ஆப்தான் முக்கியம். சென்னையில் உருவான 'ஆவாஸ்', மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஜெல்லோ' எல்லாம் அந்த வகை. ஜெல்லோ இலவசம். படத்தைத் தொட்டால் குரல் வரும். இதைக் கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடவும் செய்கிறது.

ஒருமுறை குடியாத்தத்திலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், பள்ளிகொண்டா தாண்டியதும் இவன் காதில் அறைந்துகொள்ள ஆரம்பித்தான். சுற்றி உட்கார்ந்தவர்கள் பிள்ளைக்கு என்னம்மா, அடக்கக் கூடாதா என்றார்கள். நான் டேப்லெட்டைத் திறந்து நீட்டினேன். 'பாட்டு', 'வேண்டாம்' என்று இரண்டு படத்தை அழுத்தினான். குரல் வந்ததைக் கேட்ட கண்டக்டர் முன்னே போய் ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னார். பிறகு வேலூர் வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். அந்த இரண்டு சொல் இல்லாவிட்டால் அவனை அடம்பிடிக்கும் பையன் என்றுதானே எல்லோரும் முடிவு கட்டியிருப்பார்கள்?

ஆனால் டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிட்டு, பேசு என்றால் பேச மாட்டான். நாம் பேசும்போது நாமும் படத்தை அழுத்திக்கொண்டே பேச வேண்டும், பல மாதம். அதில் யூடியூப் வைக்காதீர்கள். சேட்டை செய்தான் என்று அதைப் பிடுங்கி வைக்காதீர்கள், அது அவன் வாய்.

சாதாரணப் போன் கேமராவும் பெரிய உதவி. முடிவெட்டக் கடைக்குப் போனாலே என் மகன் அலறுவான். அவன் அண்ணன் முறைப் பையன் அதே கடையில், அதே நாற்காலியில் வெட்டிக்கொள்வதை வீடியோ எடுத்து, கடைக்குப் போகும் நாளுக்கு முன்பே திரும்பத் திரும்பக் காட்டினோம். துணி போர்த்துவது, தண்ணீர் தெளிப்பது, மெஷின் சத்தம், எல்லாம் வரிசையாக இருக்கும். இப்போது உட்காருகிறான்.

பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அவர்களுக்கே போட்டுக் காட்டி, எங்கே காத்திருக்கலாம், எங்கே பதில் சொல்லலாம் என்று பேசினார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் சிறப்பு நிபுணர்கள்கூட இல்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் பதில் சொல்லும் விதமும் மாறியது, பிள்ளைகள் தாங்களாகவே பேச்சைத் தொடங்குவதும் கூடியது. நம் பக்கத்தில் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்தைச் சேர்ந்த நம்பிக்கை நிலையத்தில் பெற்றோருக்கும் சேர்த்தே பயிற்சி தருகிறார்கள். ஆரணியிலிருந்து வந்து போவது சிரமம்தான், இருந்தாலும் ஒருமுறை போய் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. மத்திய அரசின் 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

ஆப்பில் முதலில் என்ன சொற்களை வைப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். நிறம், எண் எல்லாம் அப்புறம். 'வேண்டாம்', 'நிறுத்து', 'இன்னும்', 'உதவி', 'வலிக்குது', அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தின் போட்டோ, அம்மா, அப்பா, பாட்டி. பாட்டியின் படத்துக்குப் பாட்டி குரலையே பதிவு செய்யுங்கள், உங்கள் மாமியாரும் இதற்குள் வந்துவிடுவார். அவன் 'வேண்டாம்' அழுத்தினால் முடிந்தவரை அப்போதே நிறுத்துங்கள். ஊசி மாதிரி தவிர்க்க முடியாதது என்றால், "வேண்டாம்னு சொல்றே, எனக்குக் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டுப் பிறகு செய்யுங்கள்.