புரதம் அயனிப் பரிமாற்ற மணிக்குள் போய் ஒட்ட ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது?

அயனிப் பரிமாற்ற மணி என்பது கரைசலிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுக்கப் பயன்படும், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் சிறு உருண்டை. உள்ளே முழுக்க நுண்துளைகள், துளைச் சுவர்களில் மின்னூட்டம். முட்டை வெள்ளையில் உள்ள லைசோசைம் என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பிஎச் 7இல் அது நேர்மின்னூட்டம் கொண்டது, அதனால் எதிர்மின் சுவரைத் தொட்டதும் அங்கிருக்கும் சோடியம் அயனிகளை விலக்கிவிட்டு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுவது சட்டென முடிந்துவிடும், உள்ளே போய்ச் சேருவதுதான் தாமதம். புரதம் பெரிய மூலக்கூறு, தண்ணீரிலேயே சோடியத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் மெதுவாகத்தான் பரவும், குறுகலான வளைந்த துளைக்குள் கேட்கவே வேண்டாம்.

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். முதலில் வந்தவர்கள் வாசல் பக்கத்து இலையிலேயே உட்கார்ந்துவிட, பின்னால் வருபவர்கள் அவர்களைத் தாண்டி உள்ளே போக வேண்டியிருக்கிறது இல்லையா, அப்படித்தான் உப்பு குறைவான கரைசலில் மணியும் வெளியிலிருந்து உள்நோக்கி வளையம் வளையமாக நிரம்புகிறது. ஒளிரும் சாயம் ஏற்றிய புரதத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த வளையம் நகர்வது தெரியும், அவ்வளவு அழகு! அப்புறம் உப்பைக் கூட்டினால் சோடியம் மறுபடி இடத்தைப் பிடிக்க, புரதம் கழன்று வரும்.

புரதம் மணியின் வெளிப்பரப்பில்தான் ஒட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒட்டும் இடம் கிட்டத்தட்ட முழுவதும் உள்ளேதான், மணிகள் நிரப்பிய குழாய் வழியே கரைசலை அவசரமாகத் தள்ளினால் புரதம் உள்ளே நுழையாமலே ஓடிவிடும்.