பேஸ்மேக்கர் வயரை எடுப்பது: கடற்கரை ஊர்க்காரர்களின் கேள்விகளுக்கு இதய மருத்துவர் பதில்

பாம்பன்: டாக்டர், அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்து எட்டு வருஷம். பெட்டி மேலே தோல் சிவந்து ஓரத்தில் சலம் கசியுது. மாத்திரை போட்டால் காயுது, விட்டால் திரும்ப வருது. பெட்டியை மட்டும் எடுத்தால் போதாதா?

போதாது தம்பி. தோலுக்கடியில் இருக்கும் பெட்டியிலிருந்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் வயர் போகிறது. கிருமி அந்த வயரைப் பிடித்துக்கொண்டே இதயத்துக்குள் இறங்கும். பெட்டியிலும் வயரிலும் அது படலமாகப் படிந்துவிட்டால் மருந்து உள்ளே போய் அழிக்காது. அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பெட்டி, வயர் இரண்டையும் முழுசாக எடுத்தால்தான் தீரும். இன்னொரு கோர்ஸ் மாத்திரைக்காக மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். ஊசி குத்திச் சீழ் எடுக்க யாரையும் விடாதீர்கள், பச்சிலைப் பத்தும் வேண்டாம். காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். மருந்து ஏற்றும் முன்பே ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். மருந்து போனபின் எடுத்தால் கிருமி அகப்படாமல் போகலாம்.

கீழக்கரை: வாப்பாவின் வயருக்கு 12 வருஷம். உருவினால் இதயம் கிழியும் என்கிறார்கள். உண்மையா?

பயம் நியாயமானது. ஒரு வருஷத்துக்குள் என்றால் பெரும்பாலும் இழுத்தாலே வந்துவிடும். நாளாக நாளாகத் தழும்புத் திசு வளர்ந்து வயரை ரத்தக்குழாய்ச் சுவரோடும் இதயத்தோடும் ஒட்டவைக்கும். அதனால் வயருக்குள் நுனிவரை ஒரு கம்பியை விட்டுப் பூட்டி, மேலே ஒரு குழாயைச் செலுத்தி, லேசராலோ சுழலும் முனையாலோ தழும்பை அறுத்துக்கொண்டே போவோம். அதிகம் அஞ்சுவது மேற்பெருஞ்சிரைக்குத்தான், அதாவது உடலின் மேற்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய ரத்தக்குழாய்க்கு. அதன் சுவர் மெலிது. கிழிந்தால் சில நிமிஷங்களிலேயே உயிர் போகலாம்.

ஆகவே நான்கு விஷயங்களைக் கேளுங்கள். இதை அடிக்கடி செய்கிறீர்களா? நெஞ்சைத் திறக்கக்கூடிய அறுவை மருத்துவர் பெயரளவில் இல்லாமல் அதே இடத்தில் தயாராக இருப்பாரா? ரத்தம் முன்கூட்டியே ஏற்பாடாகிவிட்டதா? உணவுக்குழாய் வழியாக இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்குமா? தெளிவான பதில் வராத இடத்தில் செய்யவேண்டாம், தூரமானாலும் வேறிடம் போங்கள். பழகிய கைகளில் பெரிய சிக்கல் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. கிருமியோடு விட்டுவைப்பது அதைவிட ஆபத்து.

தேவிபட்டினம்: அண்ணனுக்கு வயர் உடைந்திருக்கிறது, கிருமி இல்லை. எடுத்தே ஆகணுமா?

கட்டாயமில்லை. பழையதை விட்டுப் பக்கத்தில் புதியது வைக்கலாம். வயது குறைவு, ரத்தக்குழாய் அடைப்பு, ஏற்கெனவே பல வயர்கள் என்றால் எடுப்பதைப் பற்றி யோசிக்கவேண்டும்.

தொண்டி: அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் இல்லாமல் துடிப்பே இல்லையாம். எடுத்தால் என்ன ஆகும்?

இதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள் மா. கழுத்து வழியாகத் தற்காலிக வயர் வைத்து வெளியிலிருந்து துடிக்கவைப்பார்கள். வயரை எடுத்தபின் கல்ச்சர் குறைந்தது 72 மணி நேரம் சுத்தமாக இருந்தால் மறுபக்கம் புதியது வைப்பார்கள். இதய வால்வில் கிருமி இருந்தால் இன்னும் பொறுப்பார்கள். பேஸ்மேக்கர் அட்டை, மாத்திரைச் சீட்டுகளை மறக்காமல் கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

ராமேஸ்வரம்: எப்போ கடலுக்குப் போகலாம் டாக்டர்?

புண் முழுசாக ஆறும்வரை உப்புத் தண்ணீர் படக்கூடாது, அக்னி தீர்த்தக் குளியலும் அதில் சேர்த்தி. புதிய வயர் வைத்தால் நான்கு முதல் ஆறு வாரம் அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்காதீர்கள். வலை இழுப்பது, செக்கப்பில் வயர் இடத்தில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னபிறகுதான்.